ஃபைனான்ஸ் கம்பெனியின் 2 சதவீதம்: எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி: ஐயா, சேலம் பக்கம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வண்டிக் கடனும் நகைக் கடனும்தான் தொழில், 22 கிளைகள். போன நிதியாண்டில் லாபம் 5 கோடியைத் தாண்டிவிட்டதால் இந்த வருடம் சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செய்ய வேண்டிய) செலவு செய்தே ஆக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். எம்.டி. ஃபைலை என் மேசைக்கு அனுப்பி, "நீயே ஒரு பிளான் போடும்மா" என்றார். அதற்குள் ஆளுக்கொரு யோசனை. ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கலாம் என்கிறார் எம்.டி. கம்பெனி பெயர் போட்ட நோட்டுப் புத்தகம் என்கிறார் மார்க்கெட்டிங் மேனேஜர். ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் என்கிறார் கலெக்‌ஷன் ஹெட். பழைய கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்குக் கொடுத்து அதற்கு விலை போட்டுக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். எம்.டி. குடும்பத்துக்கு ஒரு டிரஸ்ட்டும் இருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

— ஒரு வாசகி

பதில்: வணக்கம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பிடித்தது, அது மே மாதத்தில் வந்திருப்பது. இந்த மாதிரிக் கேள்வி பெரும்பாலும் மார்ச் நடுவில்தான் வரும், "சார், 31-ஆம் தேதிக்குள்ள செலவு பண்ணியாகணும், நல்ல டிரஸ்ட் ஒண்ணு சொல்லுங்க" என்று. அந்த நேரத்தில் சொல்வதற்கு யாரிடமும் உருப்படியாக ஒன்றும் இருக்காது. உங்களுக்குக் கையில் பத்து மாதம் இருக்கிறது, அது போதும்.

முதலில் தொகையைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் அதில்தான் பாதிப் பேர் தவறான எண்ணை வைத்துக்கொண்டு கற்பனையை ஓட்டுகிறார்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருப்பது, மூன்று வரம்பு வைக்கிறது: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. முந்தைய நிதியாண்டில் இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே மாட்டிக்கொண்டீர்கள். ஆனால் கொடுக்க வேண்டியது போன வருட லாபத்தில் 2 சதவீதம் அல்ல, கடந்த மூன்று நிதியாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம். அந்த லாபமும் வரி கட்டிய பிறகு மிஞ்சுவது அல்ல, வரிக்கு முந்தையது. 198-ஆம் பிரிவு சொல்கிற முறையில் கணக்கிட வேண்டியது. உதாரணத்துக்கு உங்கள் மூன்று வருட லாபம் 3.9 கோடி, 4.6 கோடி, 8 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 16.5, சராசரி 5.5 கோடி, அதில் 2 சதவீதம் 11 லட்சம் (கீழே இந்த எண்ணை வைத்தே பேசுகிறேன்). வரம்பைத் தாண்டாத அந்த முதல் இரண்டு வருடங்களும் சராசரியில் சேரும், அதை விட்டுவிடக் கூடாது.

இதில் நம் தொழிலுக்கே உரிய ஒரு முடிச்சு உண்டு. வாராக் கடனுக்கு நாம் ஒதுக்கி வைக்கிற புரொவிஷன் லாப நஷ்டக் கணக்கில் செலவாகக் கழிந்திருக்கும். 198-ஆம் பிரிவு, வசூலாகாது என்று உண்மையிலேயே தள்ளுபடி செய்த கடனைத்தான் கழிக்க விடுகிறது, ஒதுக்கீட்டை அல்ல. ஆகவே புரொவிஷனைத் திரும்பச் சேர்த்தால் சி.எஸ்.ஆர். கணக்குக்கான லாபம் புத்தக லாபத்தைவிடக் கூடிவிடும். ஆடிட்டரிடம் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், 198 கணக்குத் தாளையே கேட்டு வாங்குங்கள். மீதிப் பேச்சு முழுவதும் அந்தத் தாளின் மேல்தான் நிற்கும்.

இன்னும் இரண்டு விஷயம் எம்.டி. காதில் இப்போதே போட்டுவிடுங்கள், பிறகு கோபப்படுவார். இந்தச் செலவை வருமான வரியில் தொழில் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது. சி.எஸ்.ஆருக்காக வாங்குகிற பொருளுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யையும் 2023 அக்டோபரில் இருந்து உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. கொடுக்க வேண்டியது வருடத்துக்கு 50 லட்சத்துக்கு மேல் போகாத கம்பெனிக்கு சி.எஸ்.ஆர். கமிட்டி கட்டாயமில்லை, இயக்குநர் குழுவே அந்த வேலையைப் பார்க்கலாம். பெரிய கம்பெனிகள் போல வெளியாளை வைத்து, செய்த வேலையால் என்ன பலன் என்று தாக்க மதிப்பீடு செய்ய வேண்டியதும் இல்லை. அது சராசரியாக வருடம் 10 கோடியும் அதற்கு மேலும் கொடுக்கக் கடமைப்பட்டவர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட ஒரு கொள்கை, இந்த வருடத்துக்கான ஒரு செயல்திட்டம், அவ்வளவுதான். செயல்திட்டத்தில் என்ன வேலை, யார் செய்யப்போகிறார்கள், பணம் எப்போது எவ்வளவு போகும், யார் போய்ப் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தால் போதும். இரண்டு பக்கம் வரும்.

சரி, உங்கள் ஆபீஸ் யோசனைகளுக்கு வருவோம். சிலதை ஒரு வரியில் முடித்துவிடலாம். கும்பாபிஷேகம், எதெல்லாம் சி.எஸ்.ஆரில் சேரும் என்று பட்டியல் போடுகிற, சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இல்லை. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைப் பாதுகாப்பது அதில் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள்; அது பழைய கட்டடத்தைச் சீர்செய்வதற்கு, யாகசாலைக்கும் விருந்துக்கும் அல்ல. எம்.டி. தாராளமாகத் தன் சொந்தப் பணத்தில் செய்யட்டும், புண்ணியமும் அவருக்கே முழுதாகச் சேரும். பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கலாம், நல்ல காரியம்தான், ஆனால் பொருளாகக் கொடுத்ததற்கு விலை போட்டு சி.எஸ்.ஆர். செலவாக எழுத முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட கேள்வி பதிலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் 'செலவு செய்ய வேண்டும்' என்கிறது. அட்டையில் கம்பெனி பெயர் போட்ட நோட்டு, விளம்பரத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்புக்குள் போய்விடும். பெயர் போடாமல் நோட்டு கொடுக்கலாமா என்று மார்க்கெட்டிங் மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு அந்தத் திட்டத்தின் மேல் இருக்கும் பிரியம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கலெக்‌ஷன் ஹெட் சொன்ன யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் கேட்கும்போது நல்லதாகவே தோன்றும். ஒழுங்காகத் தவணை கட்டினால் உன் பிள்ளைக்கு உதவித்தொகை. இது தர்மமா, வசூலுக்குக் கொடுக்கிற ஊக்கத்தொகையா? வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்கிற எதுவும் சி.எஸ்.ஆர். ஆகாது என்கிறது விதி. விதியை விடுங்கள். மூன்று மாதம் தவணை தவறிய லாரிக்காரர் ஒருவரின் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பெயரை உங்கள் கலெக்‌ஷன் ஆள் பட்டியலில் இருந்து அடிப்பார். அடித்ததோடு நிற்க மாட்டார், அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, "கட்டியிருந்தா பாப்பாவுக்குக் கிடைச்சிருக்கும்ல" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டும் வருவார். கடன் கொடுக்கிற கம்பெனிக்கு இருக்கிற தனி ஆபத்து இது. சிமெண்ட் கம்பெனிக்கோ நூல் மில்லுக்கோ இப்படி ஒரு பிடி ஜனங்கள் மேல் கிடையாது. ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் வரியாகவே எழுதிக்கொள்ளுங்கள்: கடன் கொடுக்கிற மேசைக்கும் தர்மம் கொடுக்கிற மேசைக்கும் நடுவே ஃபைல் போகக் கூடாது, ஆள் போகக் கூடாது, செல்போன் நம்பரும் போகக் கூடாது. கடனாளி என்பதற்காக யாருக்கும் கூடுதலாகக் கிடைக்கவும் வேண்டாம், தவணை தவறியவர் என்பதற்காக யாருக்கும் இல்லாமல் போகவும் வேண்டாம்.

இதே மாதிரிதான் 'நிதி விழிப்புணர்வு முகாம்' என்கிற விஷயமும். ஃபைனான்ஸ் கம்பெனிகள் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அது, செலவு குறைவு, போட்டோ நன்றாக வரும். நீங்கள் கொடுக்கிற கடனின் உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று முக்கியத் தகவல் அறிக்கையில் எழுதிக் கையில் கொடுத்து விளக்குவது, 2024 அக்டோபரில் இருந்து ரிசர்வ் வங்கி உங்கள் மேல் வைத்திருக்கிற கடமை. அதை மண்டபத்தில் மைக் வைத்துச் செய்தாலும் கடமைதான். அதற்குப் பதிலாக, உங்கள் கஸ்டமரே இல்லாத ஒரு ஊரில், ஆன்லைன் மோசடி நடந்தால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும், அதிக வட்டி ஆசை காட்டி டெபாசிட் வாங்குகிறவர்கள் மேல் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் புகார் செய்யலாம், கடன் கம்பெனி மேலேயே குறை இருந்தால் 14448-க்குப் பேசலாம் என்று சொல்லிக் கொடுத்தால் அது கல்விதான். கடைசி நம்பரைச் சொல்லிக் கொடுக்க உங்கள் எம்.டி.க்கு மனசு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முகாம் நடத்துங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

அப்படியென்றால் எதற்குத்தான் கொடுப்பது என்று கேட்பீர்கள். இதற்கு வெளியே போய்த் தேட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்று உங்கள் கம்பெனிக்குத் தெரிந்த அளவு பஞ்சாயத்து ஆபீசுக்குக்கூடத் தெரியாது. நகைக் கடன் கவுண்டரை நினைத்துப் பாருங்கள். அப்ரைசர் உரைகல்லில் உரசி எடை போட்டுக்கொண்டிருப்பார், எதிரே நிற்கிற அம்மா தோடு கழற்றிய காதில் வேப்பங்குச்சி செருகியிருப்பார், எதற்குப் பணம் என்று இவர் கேட்காமலே காரணம் வந்துவிடும். விண்ணப்பத்தில் இருக்கிற 'கடன் நோக்கம்' என்கிற கட்டத்தில் கிளார்க் எல்லாருக்கும் ஒரே மாதிரி 'சொந்தச் செலவு' என்று எழுதி வைத்திருப்பார், அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் எடுக்காதீர்கள். நாலைந்து கிளைகளுக்கு நேரில் போய், பல வருடமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற அப்ரைசரிடம் பேசுங்கள். யார் பெயரும் வேண்டாம், எதற்காக வருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஜூன் மாதத்தில் ஃபீஸ், வண்டிக்காரர்களுக்கு இன்ஷூரன்சும் எஃப்.சி.யும் (வண்டித் தகுதிச் சான்று), ஆவணியிலும் தையிலும் கல்யாணம், வருடம் முழுக்க ஆஸ்பத்திரி என்று சொல்வார்.

ஃபீஸை எடுத்துக்கொள்ளாதீர்கள். 11 லட்சத்தில் சில டஜன் பிள்ளைகளுக்குத்தான் கட்ட முடியும், ஆயிரம் பேர் சிபாரிசோடு வருவார்கள், அதில் பாதி உங்கள் இயக்குநர்களிடம் இருந்தே வரும். ஆஸ்பத்திரி என்கிற பதிலைக் கொஞ்சம் கிளறுங்கள். அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசமாக நடக்கிறதே, பிறகு ஏன் நகை வருகிறது? வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும், போக வர ஆட்டோவோ காரோ வேண்டும், கூட வருகிற மகனுக்கோ மனைவிக்கோ அன்றைய கூலி போய்விடும். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் நாலு மணி நேர டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றுகிற ஒருவரை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துப் பாருங்கள். சிகிச்சைக்குப் பணம் போகவில்லை, வழிச்செலவுக்குப் போகிறது. இந்த மாதிரி ஒரு இடம்தான் 11 லட்சத்துக்கு ஏற்ற இடம்: பெரிய வேலையை அரசாங்கம் செய்துவிட்டது, சின்னதாக ஒரு ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க யாரும் இல்லை.

ஒரு வேனை மாத வாடகைக்கு எடுத்து, இரண்டு வழித்தடத்தில் நோயாளிகளை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு டிரைவர், டீசல் எல்லாம் சேர்த்து மாதம் 50,000 ஆகிறது என்று வையுங்கள் (உங்கள் ஊர் வாடகையை விசாரித்துக்கொள்ளுங்கள்), வருடத்துக்கு 6 லட்சம். வேனை விலைக்கு வாங்க வேண்டாம். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது, பதிவு பெற்ற டிரஸ்ட்டுக்கோ பயனாளிகள் குழுவுக்கோ அரசு அமைப்புக்கோ போய்விட வேண்டும். அது ஒரு பக்கம் இருக்க, வாங்கினால் பக்கவாட்டில் கம்பெனி பெயர் எந்த சைஸில் எழுதுவது என்பதே மூன்று மீட்டிங்குக்கு வரும். இன்னொன்றும் நடக்கும் பாருங்கள்: தவணை பாக்கி வைத்திருக்கிற ஒருவரின் வேனையே இதில் ஓட விட்டு, வாடகையைக் கடனில் வரவு வைத்துக்கொள்ளலாமே என்று உங்கள் கலெக்‌ஷன் பிரிவில் ஒரு புத்திசாலி கட்டாயம் சொல்வார். மேலே சொன்ன முதல் வரியைக் காட்டுங்கள்.

மீதியில் 4.45 லட்சத்தை லாரி டிரைவர்களுக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் என்று வைக்கலாம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் டிரைவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்க ஆரம்பிக்கும், தூரப் பார்வையில் இருக்கிற குறை இரவில்தான் உறைக்கும், கண்ணாடி போட்டால் லைசென்ஸுக்கு வில்லங்கம் வந்துவிடுமோ என்று பயந்து ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் முகாம் நடத்தியே பழகியவை, அவர்களோடு செய்யுங்கள். விபத்து குறைந்தால் உங்கள் கடனும் ஒழுங்காகத் திரும்பும், அப்போது இது தொழில் ஆதாயம் ஆகாதா என்று ஒரு கேள்வி வரலாம். எந்த டிரைவரும் வரலாம், முகாம் உங்கள் கிளையில் இல்லாமல் லாரிப் பேட்டையில் நடக்கிறது, பதிவேடு மருத்துவமனையோடு போய்விடுகிறது என்றால் நான் அதைத் தவறாக நினைக்க மாட்டேன். பதிவேட்டின் ஒரு நகல் மார்க்கெட்டிங் மேனேஜர் மேசைக்கு வந்தால் அன்றைக்கே அது தொழில் ஆகிவிட்டது.

6 லட்சம், 4.45 லட்சம் போக 55,000 இருக்கிறது. அதுதான் 5 சதவீதம், கம்பெனி தன் நிர்வாகச் செலவாக எழுதிக்கொள்ள அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு. உங்கள் நேரம், கிளைகளுக்குப் போய்வருகிற செலவு எல்லாம் அதற்குள். இதற்கென்று ஒரு ஆளை வேலைக்குப் போட முடியாது என்பது இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும், ஆகவே உங்களால் பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்கு மேல் திட்டம் வேண்டாம். 22 கிளைக்கும் ஆளுக்கு 50,000 என்று பிரித்துக் கொடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கணக்குக்குச் சுலபம், எல்லா மேனேஜரும் சந்தோஷப்படுவார்கள், ஊருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் போக ஒன்றும் மிஞ்சாது. அப்புறம், கட்டடம் கட்டுகிற ஆசையும் வேண்டாம். 2014-15-இல் பொதுத்துறை நிறுவனங்கள் அரசுப் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளைப் பிறகு சி.ஏ.ஜி. (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற அமைப்பு) போய்ப் பார்த்தபோது, தண்ணீர் இல்லாமலும் பராமரிப்பு இல்லாமலும் பயன்படாமல் கிடந்தவை நிறைய. கட்டுவதற்குப் பணம் கொடுக்க எல்லாரும் வருவார்கள், கூட்டுகிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க யாரும் வர மாட்டார்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம். டயாலிசிஸ் நோயாளிக்கு வேன் விட்டுவிட்டு அடுத்த வருடம் நிறுத்த முடியாது. ஆனால் உங்கள் லாபம் நிலையானதா? மழை பொய்த்தாலோ டீசல் விலை ஏறினாலோ தவணை நிற்கும், தள்ளுபடி கூடும், லாபம் 5 கோடிக்குக் கீழே போனால் அடுத்த வருடம் சட்டப்படி உங்களுக்கு சி.எஸ்.ஆர். கடமையே இல்லாமல் போகலாம், ஏனென்றால் வரம்பு பார்ப்பது முந்தைய ஒரே வருடத்தை வைத்து. ஜனங்களுக்குக் கஷ்டம் அதிகமான அதே வருடத்தில் உங்கள் கையும் சுருங்கும். நம் ஊர் வியாபாரிகள் இதைப் பழைய காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். விருதுநகர் போன்ற ஊர்களில் நாடார் உறவின்முறை மகமை (வியாபாரிகளிடம் சாதிச் சங்கம் பொதுக் காரியத்துக்கு வசூலித்த நிதி) லாபத்தின் மேல் வைத்தது அல்ல, சரக்கின் மேல் வைத்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று அப்போதே கழிந்துவிடும், வருடக் கடைசியில் லாபமா நஷ்டமா என்ற பேச்சே வராது. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா 1889-இல் தொடங்கி நின்று நிலைத்தது அப்படிப்பட்ட மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியாலும்தான். இன்றைய சட்டம் லாபத்தின் மேல் வைத்திருக்கிறது, நாம் அதற்குள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதற்கு நான் சொல்கிற வழி இது. தொடர்ந்து நடக்க வேண்டிய வேலைக்கு மொத்தத் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் தாண்டாதீர்கள் (6 லட்சம் என்று நான் வைத்தது அதனால்தான்), மீதியை ஒரு வருடத்தோடு முடிகிற வேலைக்கு வையுங்கள். தொகை சுருங்குகிற வருடம் கண்ணாடி முகாம் நிற்கலாம், வேன் நிற்காது. அதோடு, இயக்குநர் குழு வேன் திட்டத்தைத் 'தொடர் திட்டம்' என்று தீர்மானம் போட்டுக்கொள்ளட்டும். தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் வரை அப்படி நடத்தலாம். வேன் ஆகஸ்டில்தான் ஓட ஆரம்பிக்கிறது, இந்த வருடம் 4 லட்சம்தான் செலவானது என்றால், மிச்சம் 2 லட்சத்தை மார்ச் முடிந்த 30 நாளுக்குள் 'செலவிடப்படாத சி.எஸ்.ஆர். கணக்கு' என்று தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் அதே திட்டத்துக்குச் செலவு செய்யலாம். கை சுருங்குகிற வருடத்துக்கு அது ஒரு நாலு மாத வேன் செலவு. ஒரு நிபந்தனை: அந்தக் கணக்கில் பணம் இருக்கிற வரை கமிட்டி வேண்டும், 50 லட்சத்துக்குக் கீழே என்ற சலுகை அப்போது செல்லாது. தனி இயக்குநர் (கம்பெனியோடு சம்பந்தம் இல்லாத வெளியாள்) வைக்கத் தேவையில்லாத கம்பெனிக்கு இரண்டு இயக்குநர் போதும், பெரிய தலைவலி இல்லை.

தொடர் திட்டம் அல்லாத கண்ணாடிப் பணத்தில் மிச்சம் விழுந்தால் கதை வேறு. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அது பிரதமர் நிவாரண நிதி போன்ற ஏழாம் அட்டவணை நிதி ஒன்றுக்குப் போய்விட வேண்டும். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குப் போட்டால் கணக்கில் வராது, பலருக்கு இது தெரியாது. இப்படி எதுவும் செய்யாமல் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டால், மாற்றியிருக்க வேண்டிய தொகையைப் போல் இரண்டு மடங்கு கம்பெனிக்கு அபராதம் (உச்ச வரம்பு 1 கோடி), பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு (உச்ச வரம்பு 2 லட்சம்). 2021-க்கு முன்னால் ஏன் செலவு செய்யவில்லை என்று அறிக்கையில் காரணம் எழுதினால் தப்பித்துவிடலாம், எம்.டி. யாரிடமாவது அந்தக் காலத்துக் கதையைக் கேட்டிருந்தால் திருத்திவிடுங்கள்.

வேலையைச் செய்கிற அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பகுதி. காகிதம் ஒன்று: கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண், வருமான வரித் துறையின் தர்ம அமைப்புப் பதிவும் நன்கொடை வரிச் சலுகைப் பதிவும் (1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 12ஏ, 80ஜி), இதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவம். காகிதம் சரியாக இருப்பதால் வேலையும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. சொல்லாமல் ஒரு நாள் போங்கள். அவர்களிடம் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று டீ குடிக்கும்போது கேளுங்கள். வேன் ஓட ஆரம்பித்த பிறகு, வாரம் ஒரு முறை டிரைவரின் டிரிப் ஷீட்டையும் மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவின் வருகைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒத்துப்போனால் போதும், வழவழத் தாளில் அறிக்கை வேண்டாம். செக் கொடுத்தால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம் என்று சொல்கிற ஏஜெண்ட் யாராவது ஜனவரி வாக்கில் உங்கள் ஆபீசுக்கு வருவார். வந்தால் உட்காரச் சொல்ல வேண்டாம்.

பணத்தை ஒரே தவணையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, போன தவணைக்குக் கணக்கு வந்த பிறகு அடுத்தது. கடன் கொடுக்கிற கம்பெனிக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் வேடிக்கை என்னவென்றால் கடனுக்கு நூறு கையெழுத்துக் கேட்கிறவர்கள் நன்கொடையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள். அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் பணம் போய்விட்டது என்பதாலேயே அது செலவானதாக ஆகாது, அவர்கள் அதைத் திட்டத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். மார்ச் 30-ஆம் தேதி எழுதுகிற செக்கில் இருக்கிற சிக்கலே இதுதான். ஒதுக்கிய பணம் சொன்னபடி பயன்பட்டது என்று உங்கள் நிதித் தலைமை அதிகாரியோ நிதிப் பொறுப்பில் இருப்பவரோ சான்று கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்குத்தான் வரும், ஆகவே உங்களுக்காகவே இதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.டி. குடும்ப டிரஸ்ட் பற்றிக் கடைசியாக வருகிறேன், நீங்களும் கடைசியாகத்தான் எழுதியிருந்தீர்கள், அது ஏன் என்று புரிகிறது. சட்டத்தில் தடை இல்லை. ஆனால் அது கம்பெனி தொடங்கிய டிரஸ்ட் அல்ல, குடும்பத்தினுடையது, ஆகவே மற்ற எந்த அமைப்பையும் போல மூன்று வருட அனுபவம், எல்லாப் பதிவுகளும் வேண்டும், கணக்கில் தொடர்புடையவர்களோடு செய்த பரிவர்த்தனை என்று வெளியிட வேண்டும். இதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம். தேவையான காகிதங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, வேறு இரண்டு அமைப்புகளுக்கும் அனுப்புகிற அதே கடிதத்தை டிரஸ்ட் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். காகிதம் வந்தால் மற்றவர்களோடு சேர்த்து இயக்குநர் குழு முன் வைத்துவிடலாம், வராவிட்டால் பேச்சு அதோடு நிற்கும்.

எம்.டி. அறைக்குப் போகும்போது முதலில் 198 கணக்குத் தாளை வையுங்கள், அடுத்து அப்ரைசர்களிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கம், அதற்கு அப்புறம்தான் வேன். தொகை 11 லட்சம்தான் என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி ஆர்வம் போய்விடும், உங்களுக்கு வேலை செய்ய அதுவே சௌகரியம். இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களைக் கம்பெனி இணையதளத்தில் போட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பெயர் வெளியே தெரிய வேண்டும் என்கிற ஆசைக்கு அது ஒரு இடம். ஜூன் முடிவதற்குள் தீர்மானம் ஆகிவிட்டால் ஆகஸ்டில் வேன் ஓடும். டயாலிசிஸ் பிரிவில் இருக்கிற செவிலியர்களிடம் இப்போதே ஒரு நடை போய்ப் பேசி வையுங்கள், எந்தெந்த ஊரில் இருந்து யார் யார் எந்தக் கிழமையில் வருகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும், வழித்தடம் போடுவதற்கு அது இல்லாமல் முடியாது.